பொத்துவில் வீதியில் ஒரு துவிச்சக்கர வண்டி

மாசி, பங்குனி மாதங்களில் அக்கரைப்பற்று மணிக்கூட்டுக் கோபுரச் சந்தியில் சற்று நேரம் நின்றால், பொத்துவில் பக்கமிருந்து இரண்டொரு வெளிநாட்டவர் துவிச்சக்கர வண்டியில் வந்து கடந்துபோவதைக் காணலாம். பின்சில்லின் இருபுறமும் பைகள், வெயிலில் சிவந்த முகம், கைப்பிடியில் செருகிய கைத்தொலைபேசி. அவர்களைக் காணும் நம் முச்சக்கர வண்டிச் சாரதிகள் சொல்வதும் ஏறத்தாழ ஒன்றுதான்: "பாவம், வேன் பிடிக்கக் காசில்லாத வெள்ளைக்காரனுகள்." உண்மை அதுவன்று. அவர்கள் ஓட்டிவரும் சைக்கிளின் விலைக்கு இங்கே ஒரு மோட்டார் சைக்கிளே வாங்கிவிடலாம். வேனில் போகப் பணமிருந்தும் வேண்டாம் என்று வந்தவர்கள் அவர்கள்.

ஏன் வேண்டாம் என்றார்கள் என்பதைப் பற்றி நாம் யோசிப்பதில்லை. யோசிக்கவேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன். பொத்துவிலிலிருந்து கல்முனை வரையான சுமார் 70 கிலோமீற்றர் கரையோரம், இலங்கையில் சைக்கிளில் போய்ப் பார்க்கத்தக்க மிகச் சிறந்த பாதைகளுள் ஒன்று என்பது எனது கருத்து. அதனை முதலில் அப்படிப் பார்க்கவேண்டியவர்கள் வெளிநாட்டவரல்லர், அதன் ஓரத்தில் வாழும் நாமே என்பதும் எனது கருத்து. இரண்டாவதைச் சொன்னால்தான் நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

சுற்றுலா என்றால் நமது மாவட்டத்தில் அறுகம்பை என்று பொருள். கடலலைச் சறுக்கலுக்கென உலகெங்கிலுமிருந்து வருவோர் கொழும்பிலிருந்து மொனராகலை வழியாகக் குளிரூட்டிய வாகனங்களில் இறங்கி, அங்கேயே தங்கி, வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். பொத்துவிலுக்கு வடக்கே ஒரு நாடு இருப்பதாக அவர்களுக்குச் சொல்வாரில்லை. 2024 ஒக்டோபரில் இஸ்ரேலியப் பயணிகளுக்கு ஆபத்து இருக்கலாமென அமெரிக்கத் தூதரகம் எச்சரித்தபோது, அறுகம்பை ஒரே இரவில் உலகச் செய்தியாயிற்று. பொலிசாரும் படையினரும் குவிந்தனர். ஒரு கடற்கரையின் ஒரு மூலையை மட்டும் நம்பியிருக்கும் சுற்றுலா எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை அந்த நாட்கள் காட்டின. அதைப்பற்றிப் பிறிதொரு சமயம் எழுதலாம்.

இந்த வீதிக்கு வருவோம். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை என்று வளைந்து வரும் ஏ-4 நெடுஞ்சாலை, பொத்துவிலில் கடலைத் தொட்டதும் வடக்கே திரும்பி மட்டக்களப்பில் முடிகிறது. பொத்துவிலை விட்டுப் புறப்பட்டால் முதலில் வருவது ஒரு நீண்ட தனிமை. கோமாரி, சங்கமன்கண்டி, தாண்டியடி வரை ஊர்கள் அருகி, ஒருபுறம் பற்றைக்காடும் மறுபுறம் மணல்மேடும் களப்புமாக இருக்கும். இலங்கையின் கிழக்குக் கோடி சங்கமன்கண்டி முனையே. வடக்கே பருத்தித்துறை, தெற்கே தேவேந்திர முனை என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த நாம், கிழக்கு முனை நம் வீட்டு வாசலில் இருக்கிறது என்பதை மறந்துவிட்டோம். தெற்கு முனையில் நின்று படம் எடுத்துக்கொண்ட அக்கரைப்பற்றார் ஆயிரம் பேர் இருப்பர். சங்கமன்கண்டியில் நின்றவர் எத்தனை பேர்?

அதன்பின் விநாயகபுரம், திருக்கோவில், தம்பிலுவில். திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமி ஆலயம் கடலுக்கு முதுகு காட்டாமல் கரையோடு நிற்கிறது. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் தொடங்கி வெருகல், மட்டக்களப்பு, மண்டூர், திருக்கோவில், பொத்துவில், உகந்தை, குமண என்று கதிர்காமம் செல்லும் பாதயாத்திரைக்காரர் தலைமுறை தலைமுறையாக நடந்த வழி இது. நெடுஞ்சாலைக்கு இலக்கம் இடப்படுவதற்கு நெடுங்காலம் முன்னரே மனிதரின் கால் இதற்குத் தடம் போட்டுவிட்டது. அந்த யாத்திரிகர்களுக்கு முஸ்லிம் ஊர்களில் தாகசாந்தி கொடுப்பதை நானே பலமுறை செய்தியாக எழுதியிருக்கிறேன். (ஆசிரிய பீடம் அதனை உள்பக்கத்தின் கீழ்மூலையில் போடும். சண்டை நடந்தால் மட்டுமே முன்பக்கம்.)

தம்பிலுவில் கண்ணகி அம்மன் கோயிலைத் தாண்டி அக்கரைப்பற்றுக்குள் நுழைந்ததும் வீதியின் முகம் மாறிவிடுகிறது. இங்கிருந்து கல்முனை வரையான சுமார் 25 கிலோமீற்றரில் ஊருக்கும் ஊருக்கும் இடையில் மூச்சுவிட இடமில்லை. அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, மாளிகைக்காடு, சாய்ந்தமருது, கல்முனைக்குடி, கல்முனை. அப்பால் பாண்டிருப்பு, மருதமுனை. முஸ்லிம் ஊர், தமிழ் ஊர், மீண்டும் முஸ்லிம் ஊர் என்று ஓலைப்பாய் பின்னியதுபோல் அடுத்தடுத்து வரும். பாங்கோசை ஓய்வதற்குள் கோயில் மணி கேட்கும் தூரம்.

இந்தப் பின்னலை நம்மைவிடக் கூர்ந்து பார்த்தவர் ஓர் அமெரிக்கர். டெனிஸ் மக்கில்வ்ரே என்ற மானிடவியலாளர் 1960களின் இறுதியில் அக்கரைப்பற்றுக்கு வந்து தங்கி ஆய்வைத் தொடங்கினார். தமிழரும் முஸ்லிம்களும் மொழியை மட்டுமன்றித் தாய்வழிக் குடிமுறையையும், பெண்ணுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுக்கும் வழக்கத்தையும் பொதுவாகக் கொண்டிருப்பதை விரிவாக எழுதினார். அந்த நூல் 2008இல் வெளிவந்தது. நாம் ஒருவருக்கொருவர் எவ்வளவு நெருங்கியவர்கள் என்பதை அறிய, ஆங்கிலத்தில் எழுதிய ஒருவரின் புத்தகத்தைப் புரட்டவேண்டியிருக்கிறது.

இந்த நெருக்கத்தின் மறுபக்கத்தை நான் மறைக்கப்போவதில்லை. 1985 ஏப்ரலில் காரைதீவில் நடந்ததும், 1990இல் இந்தக் கரை முழுதும் நடந்ததும் இரு பக்கத்து முதியோர் மனதிலும் இன்னும் ஆறாத புண். அந்த ஆண்டுகளில் அடுத்த ஊரின் வழியாகப் போகமுடியாது என்பதே வீதிச் சட்டமாயிற்று. வயல் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் என்று பிரிந்துபோன குடும்பங்கள் எத்தனையோ. இடையில் சோதனைச் சாவடிகள். சைக்கிளில் வருபவன் ஒவ்வொன்றிலும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்து, வண்டியை உருட்டிக்கொண்டு நடக்கவேண்டும். 1990களின் பிற்பகுதியில் செய்தியைத் தாளில் எழுதிச் சட்டைப்பைக்குள் வைத்து, அதனைத் தொலைநகலில் அனுப்பக் கல்முனைக்குச் சைக்கிள் மிதித்தவன் நான். போகும்போது ஏறி இறங்கியதை எண்ணியதுண்டு. வரும்போது எண்ணும் தெம்பு இருந்ததில்லை.

சாவடிகள் போய்விட்டன. போர் 2009இல் முடிந்து, வீதி காப்பெட் வீதியாயிற்று. முன்னர் அச்சத்தால் அடுத்த ஊரில் நிற்கவில்லை. இப்போது நிற்கவேண்டிய தேவையில்லை. அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை வைத்தியசாலைக்கோ வங்கிக்கோ போகும் ஒருவர் மோட்டார் சைக்கிளில் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் பத்து ஊர்களைக் கடந்துவிடுகிறார். காரைதீவுச் சந்தியில் பிறந்து வளர்ந்து நிந்தவூர்க் கடற்கரையைக் காணாத இளைஞரையும், சாய்ந்தமருதில் பட்டப்படிப்பு முடித்து, சுவாமி விபுலாநந்தர் பிறந்த ஊர் இரண்டு மைலுக்குள் இருப்பதை உணராத இளைஞரையும் நான் சந்தித்திருக்கிறேன். 1892இல் காரைதீவில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்து, யாழ் நூல் தந்த ஒருவரின் ஊர், வீதியோரப் பெயர்ப்பலகையாகச் சுருங்கிவிட்டது.

சைக்கிளுக்கு இந்த வசதி கிடையாது. அதுதான் அதன் சிறப்பு. மணிக்குப் பன்னிரண்டு, பதினைந்து கிலோமீற்றர் வேகத்தில் போகிறவனுக்குத் தாகம் எடுக்கும், காற்றுப் போகும், செயின் கழரும். எந்த ஊரில் இது நேரும் என்று அவன் தெரிவுசெய்ய முடியாது. நிழலுக்கு ஒதுங்கினால் யாராவது, "வெயிலுக்குள்ள எங்க மகன் போறீங்க? இருந்து ஒரு பிளேன்டீ குடிச்சிட்டுப் போங்க" என்று நிச்சயம் கேட்பார். இருந்தால் யார் எவர், எந்தக் குடி, தகப்பனார் யார் என்ற விசாரணை தொடங்கும். சகவாழ்வுக் கருத்தரங்குகள் பலவற்றில் செய்தியாளனாக அமர்ந்து மதியச் சாப்பாட்டுப் பொதியோடு திரும்பியிருக்கிறேன். அவற்றைவிட ஒட்டுப்போடும் கடை வாங்கில் அரை மணி நேரம் இருப்பது மேலானது என்று சத்தியம் செய்வேன்.

2021 பெப்ரவரியில் பொத்துவிலில் தொடங்கிப் பொலிகண்டி வரை நடந்த பேரணி நினைவிருக்கும். கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களைப் பலவந்தமாக எரித்ததற்கு எதிரான குரலும் அதில் சேர்ந்திருந்தது. அதனால் முஸ்லிம் ஊர்களிலும் மக்கள் வீதிக்கு வந்து நின்றார்கள். அரசியலை விடுங்கள். இந்த வீதி நெடுகிலும் ஒரே காரியத்திற்காக இரு சமூகத்தாரும் வெளியே வந்து நின்றதை நான் கண்டது மிக அரிது. அன்று கண்டேன்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். "அமைதியான, வாகன நெரிசலற்ற பாதை" என்று இதனைச் சொன்னால் கல்முனையில் உள்ளவர்கள் என்னை அடிக்க வருவார்கள். நியாயமே. பொத்துவிலிலிருந்து தாண்டியடி வரை நெடுஞ்சாலையே அமைதியானது. காலை வேளையில் வாகனங்களை விரல்விட்டு எண்ணலாம். அக்கரைப்பற்றுக்கு வடக்கே அப்படியன்று. சொகுசு பஸ் வண்டிகள் ஒன்றையொன்று முந்துவதும், மணல் ஏற்றிய டிப்பர்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு வருவதும், பாடசாலை விடும் நேரத்து நெரிசலும் தெரிந்தவையே. வீதியைக் காப்பெட் ஆக்கியவர்கள் வேகத்தைக் கொடுத்தார்கள். ஓரத்தில் சைக்கிளுக்கு ஒரு முழம் இடம் விட மறந்துவிட்டார்கள். ஆகவே ஏ-4இல் சைக்கிள் ஓட்டுங்கள் என்று நான் எவருக்கும் சொல்லமாட்டேன்.

ஆனால் நமக்கு ஏ-4 மட்டுமா இருக்கிறது? நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் இடையே பெரும்பாலான ஊர்களில் ஒரு கடற்கரை வீதி இருக்கிறது. மேற்கே வயல் வட்டைகளுக்குள் வாய்க்கால் அணைக்கட்டுகளும் உழவு இயந்திரங்கள் போகும் கிரவல் பாதைகளும் இருக்கின்றன. கல்லோயாத் திட்டத்தின் நீர் வந்து பாயும் அந்த வட்டைகளின் பசுமையை, வேளாண்மை கதிர் தள்ளும் காலத்தில் அணைக்கட்டிலிருந்து பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். தீகவாபித் தூபி தொலைவில் தெரியும். அக்கரைப்பற்றுப் பக்கத்தில், சவூதி அரேபியாவின் உதவியில் சுனாமியால் வீடிழந்தோருக்கெனக் கட்டி, வழக்கினால் ஆண்டுக்கணக்கில் ஆளின்றிக் காடுபற்றிப்போன நுரைச்சோலையின் 500 வீடுகளும் இருக்கின்றன. அழகை மட்டும் பார்க்கவேண்டும் என்று யார் சொன்னது?

கடற்கரை வீதியோ வேறொரு வரலாறு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாட்டில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் இதுவே. பின்னர் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள், பிறகு அதைத் தளர்த்தினார்கள். சாய்ந்தமருது, கல்முனைக்குடி, மருதமுனைக் கடலோரங்களில் ஒருகாலத்தில் வீட்டுக்கு வீடு சுவர் தொட்டுக் கிடந்த இடங்களில் இன்றும் வெறும் வளவுகளையும் அத்திவாரக் கற்களையும் காணலாம். கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசல் அங்கேதான் நிற்கிறது. நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேறும் அந்தத் தலம், கடலுக்கு அப்பாலுள்ள சோழமண்டலக் கரையோடு நமக்கிருந்த தொடர்பின் சாட்சி. அதனைக் கடந்து, மருதமுனையில் கைத்தறியின் சத்தம் கேட்கும் ஒழுங்கைகளுக்குள் நுழைவதற்கு வேனால் முடியாது. சைக்கிளால் முடியும்.

அந்தக் கடற்கரை வீதி தொடர்ச்சியாக இல்லை என்பதே குறை. ஒவ்வொரு பிரதேச சபையும் தன் எல்லைவரை கொங்கிரீட் போட்டு நிறுத்திவிடுகிறது. அடுத்த சபை அடுத்த ஊர். பெரும்பாலும் அடுத்த சமூகமுங்கூட. இடையில் இருநூறு மீற்றர் மணல், அல்லது ஒரு முகத்துவாரம். எல்லையில் வீதி முடியும் விதத்தைப் பார்த்தே நமது அரசியலைப் படித்துவிடலாம். நிந்தவூருக்கும் ஒலுவிலுக்கும் நடுவே களியோடைப் பக்கத்தில் நெடுஞ்சாலைக்கு ஏறாமல் தப்ப வழியில்லை. மனிதரும் சைக்கிளும் மட்டும் போகக்கூடிய சிறு பாலங்கள் ஒன்றிரண்டு கிடைத்தால் இந்த இடைவெளிகள் பல மூடிவிடும்.

இன்னொரு குறை பெரியது. ஒலுவிலில் டென்மார்க் கடனுதவியில் கட்டி 2013இல் திறந்த துறைமுகம் வணிகத் துறைமுகமாக இயங்கவேயில்லை. வாயிலை மணல் அடைத்துக்கொண்டது. ஆனால் அது கடலுக்குள் நீட்டிய கற்கரைகளால் மணலோட்டம் தடைப்பட, வடக்கே ஒலுவில் கரையையும் நிந்தவூர்க் கரையையும் கடல் தின்றது. தென்னந்தோப்புகள் வேரோடு சரிந்தன. கரைவலைக்காரர் தோணி ஏற்ற இடமின்றித் தவித்தார்கள். கரையோரத்துக்கென ஒரு பாதையைக் கேட்பவன் முதலில் கரையைக் கேட்கவேண்டிய நிலை. தெற்கே திருக்கோவிலில் இல்மனைட் மணல் அகழ்வுக்கு எதிராக மக்கள் போராடியதும் இதே அச்சத்தினாலேயே. கடற்கரையில் அன்றாடம் நடமாடும் மக்கள் இருந்தால் கரை களவு போவதை உடனே காண்பார்கள். ஏ-4இல் வேகமாகப் போகிறவர்களுக்குத் தென்னை சரிந்தது தெரியாது. பாதை வேண்டும் என்று நான் சொல்வதற்கு, சுற்றுலாவைவிட இதுவே வலுவான காரணம்.

வெளிநாட்டு உதாரணம் இல்லாமல் நம்மவர் எதையும் ஏற்கமாட்டார்கள் என்பதால் ஒன்றிரண்டு. யப்பானில் ஒனோமிச்சியிலிருந்து இமபாரி வரை தீவுகளைப் பாலங்களால் இணைத்துச் செல்லும் ஷிமனாமி பாதை 1999இல் முழுமையடைந்தது. நீளம் சுமார் 70 கிலோமீற்றர். பொத்துவில் கல்முனைத் தூரமே. பாலங்கள் பெருஞ்செலவானவை, உண்மை. ஆனால் தீவுகளுக்குள் அவர்கள் தனிப்பாதை கட்டவில்லை. ஏற்கெனவே இருந்த ஊர் வீதிகளின் ஓரத்தில் ஒரு நீலக்கோடு வரைந்தார்கள். கோட்டைப் பார்த்துக்கொண்டே அந்நியன் ஒருவன் வழி தவறாமல் போய்ச்சேர்கிறான். இன்று உலகின் பல பாகங்களிலிருந்தும் அந்தக் கோட்டைத் தேடி வருகிறார்கள். ஐரோப்பாவின் வடகடலைச் சுற்றிப் பல நாடுகளின் ஊடாகச் செல்லும் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் சைக்கிள் வழியும் பெரும்பாலும் இருந்த பாதைகளையும் பெயர்ப்பலகைகளையும் கொண்டே உருவானது. தைவான் 2015இல் தீவைச் சுற்றிவரும் வழியை அமைத்தபோதும் பெரும்பகுதி இருந்த வீதிகளே.

நாம் அஞ்சவேண்டிய உதாரணம் அருகில் இருக்கிறது. சென்னையிலிருந்து மாமல்லபுரம் வழியாகப் புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் ஒருகாலத்தில் மீனவ ஊர்களை இணைத்த பாதைதான். அகலமாக்க அகலமாக்கக் கேளிக்கைப் பூங்காக்களும் உல்லாச விடுதிகளும் வந்து, கடல் மதில்களுக்குப் பின்னால் போய்விட்டது. சென்னை நண்பர்கள் அங்கே சைக்கிள் ஓட்ட விடியுமுன் எழுந்து, கார்கள் விழிப்பதற்குள் வீடு திரும்புகிறார்கள். நம் கரையில் அபிவிருத்தி என்று யாராவது வரைபடத்தோடு வந்தால் அதுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

2022ஐயும் சொல்லவேண்டும். எரிபொருள் தீர்ந்து, ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகள் தவிர எவருக்கும் பெற்றோல் இல்லை என்று அரசாங்கம் அறிவித்த அந்த வாரங்களில், வீட்டு மூலைகளில் துருப்பிடித்துக் கிடந்த லுமாலாக்களும் பழைய றலிகளும் வெளியே வந்தன. ஆசிரியர்கள், கிராமசேவகர்கள், வைத்தியர்கள் சிலர்கூட மிதித்தார்கள். புதுச் சைக்கிளின் விலை மடங்குகளில் ஏறிற்று. வறுமையையும் வரிசையையும் நான் புகழவில்லை. அது கொடிய காலம். எனினும் அந்த வாரங்களில் ஏ-4 எப்படி இருந்தது என்பதை இப்பக்கத்தார் நினைத்துப் பார்க்கட்டும். கடலின் இரைச்சல் சந்திவரை கேட்டது. பிள்ளைகள் வீதியைத் தாமே கடந்தார்கள். கியூஆர் அட்டையில் பெற்றோல் வந்ததும் சைக்கிள்கள் மூலைக்குத் திரும்பின.

ஏன் திரும்பின? வெட்கம். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. என் சிறுவயதில் சைக்கிள் மதிப்புள்ள பொருள். சபையில் வரி கட்டித் தகடு வாங்கவேண்டும். இரவில் விளக்கில்லாமல் ஓடினால் பொலிஸ்; டபிள் ஏற்றினால் வழக்கு. இன்று மாப்பிள்ளை சைக்கிளில் வந்தால் பெண்வீட்டார் கதவைச் சாத்துவார்கள். வளைகுடாவில் உழைத்த பணம் முதலில் மோட்டார் சைக்கிளாகத்தான் ஊருக்குள் வருகிறது. அதே வேளையில் நீரிழிவு மருத்துவ நிலையங்களின் வரிசை நீள்வதையும், வைத்தியர் "நடங்க, சைக்கிள் ஓடுங்க" என்று எழுதிக்கொடுப்பதையும் காண்கிறோம். அந்தச் சீட்டோடு மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகிறோம்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்து, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் முன்னின்று, பல்லாயிரம் கிராமப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். முஸ்லிம் பெண்களும் அதில் இருந்தார்கள். எழுத்தறிவு ஒருபுறமிருக்க, பஸ்ஸுக்கும் ஆணுக்கும் காத்திராமல் சந்தைக்கும் தண்ணீருக்கும் போய்வந்தார்கள் என்பதே பெரிய செய்தியாயிற்று. நம் ஊர்களில் பாடசாலை மாணவியர் சைக்கிளில் போவதை எவரும் ஆட்சேபிப்பதில்லை. சாதாரண தரம் முடிந்ததும் அந்தச் சைக்கிள் தம்பிக்குப் போய்விடுகிறது. டிப்பர் ஓடாத ஒரு பாதை ஊருக்குள்ளே இருந்தால் எத்தனை தாய்மார் அதனைத் திரும்பக் கேட்பார்கள் என்று பார்க்க எனக்கு ஆவல்.

ஆட்சேபங்கள் வரும் என்பது தெரியும். வெளிநாட்டவர் அரைகுறை உடையில் ஊருக்குள் வருவார்கள், கலாசாரம் கெடும் என்று ஒரு சாரார். வெயிலில் வியர்த்துக் களைத்து வருபவன் கேட்பது தண்ணீர், நிழல், சோறு. அறுகம்பைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நாமே வைத்துக்கொள்ளலாம். இங்கே வரலாறு என்றாலே காணிப் பிணக்கு, பெயர்ப்பலகை வைத்தால் அதில் யாருடைய வரலாறு என்று சண்டை வரும் என்று இன்னொரு சாரார். இது கனதியான ஆட்சேபம். பொத்துவில் முகுது மகா விகாரைக் காணிப் பிரச்சினையும், 2020இல் கிழக்குக்கென அமைத்த தொல்லியல் செயலணியும் விதைத்த சந்தேகம் லேசில் தீராது. எனது பதில் எளியது. பலகையில் வரலாறு வேண்டாம். மூன்று மொழியிலும் ஊரின் பெயரும், அடுத்த ஊருக்கான தூரமும், குடிநீர் இருக்கும் திசையும் போதும். மீதியைத் தேநீர்க் கடைக்காரர் சொல்வார், தன் பக்கத்துக் கதையாக. அடுத்த ஊரில் மறுபக்கத்துக் கதை கிடைக்கும். இரண்டையும் கேட்டுக்கொண்டு மிதிக்கவேண்டியது பயணியின் வேலை.

தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில்தான் இருக்கிறது. மூவின மாணவரும் அங்கே இருக்கிறார்கள். இருக்கின்ற பாதைகளைச் சைக்கிளில் சுற்றி அளந்து, எங்கெங்கே அறுந்திருக்கிறது என்று ஒரு வரைபடம் வரைய அவர்களுக்கு ஓர் ஆண்டு போதும். கழகங்கள் புத்தாண்டிலும் பெருநாளிலும் நடத்தும் சைக்கிள் ஓட்டப்போட்டிகளுக்கு வீதியெல்லாம் கூட்டம் சேர்கிறது. ஆண்டில் ஒருநாள், முதலிடம் மூன்றாமிடம் இல்லாத ஓட்டம் ஒன்றை இரண்டு ஊர்க் கழகங்கள் சேர்ந்து வைக்கட்டும். அரசாங்கத்தின் அனுமதிக்கோ நிதிக்கோ இதற்குக் காத்திருக்கவேண்டியதில்லை.

கனடாவிலும் லண்டனிலும் இருந்து ஊருக்கு வரும் நண்பர்களுக்குச் சில குறிப்புகள். மாரி மழை ஓய்ந்தபின், தை இறுதியிலிருந்து சித்திரைக்குள் வாருங்கள். அதன்பின் கச்சான் காற்று மேற்கேயிருந்து வறண்டு வீசத் தொடங்கினால் வண்டி நேரே போகாது. இருப்புப் பாதை மட்டக்களப்போடு நின்றுவிடுவதால் அங்கிருந்து தெற்கே வரலாம். ஆனால் பொத்துவிலில் தொடங்கி வடக்கே மிதிப்பதையே நான் விரும்புவேன். தனிமையில் தொடங்கி ஊருக்குள் வந்து சேரலாம். விடியலோடு புறப்படுங்கள். கோமாரிப் பக்கத்தில் மாலையானால் யானை இறங்கும், அந்த வேளையில் அங்கே இருக்கவேண்டாம். தாண்டியடி வரை ஒட்டுப்போடும் கடையை நம்பவேண்டாம். இரண்டு டியூபும் ஒரு பம்பும் கையில் இருக்கட்டும். அக்கரைப்பற்றை எட்டியபின் டியூபுக்குக் கவலையில்லை.